குழு போட்டால் வளர்ச்சி வருமா? கேப் டவுனிலிருந்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "ஒரு மாகாண அரசு, பொருளாதார வளர்ச்சிக்கு எது தடையாக இருக்கிறது என்று கண்டுபிடித்து நீக்குவதற்காக அதிகாரிகளைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து விடுகிறது. இது இன்னொரு கமிட்டிதானே? மின்சாரம், துறைமுகம், விசா எல்லாம் மத்திய அரசின் கையில் இருக்கும்போது மாகாணத்தால் எதைத்தான் அசைக்க முடியும்?"

சந்தேகத்தில் பாதி நியாயம். பெயர்ப் பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு வரும் கமிட்டிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். அதிகாரம் தன் கையில் இல்லாத இடத்தில்தான் இந்தக் குழுக்களுக்கு வேலையே இருக்கிறது. அதிகாரம் இருந்தால் ஓர் அரசாணை போதும், குழு எதற்கு?

இதைப் பொதுவாகப் பேசினால் நழுவிக்கொண்டே போகும். நான் சில வருடங்களாகக் கவனித்து வருவது தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணம். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த மாகாணத்தின் நிலைமை. தலைநகர் கேப் டவுன். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 74 லட்சம் பேர். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. வேலையின்மை நாடு முழுக்க 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது அங்கே 20ஐ ஒட்டி நிற்கிறது. 2009 முதல் மாகாணத்தை ஆள்வது ஜனநாயகக் கூட்டணி என்ற கட்சி. மத்தியில் 1994 முதல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ். 2024 தேர்தலுக்குப் பிறகுதான் இரண்டும் ஒரே கூட்டணி அரசில் உட்கார்ந்தன. அதுவரை ஒருவரை ஒருவர் குறை சொல்லியே காலம் போனது.

பணமும் அதிகாரமும் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதையும் பார்த்துவிடலாம். 1996 அரசியலமைப்பின் 4ஆவது, 5ஆவது அட்டவணைகளில் மாகாணத்துக்கு என்ன, நகராட்சிக்கு என்ன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளி, மருத்துவமனை, சாலை, சுற்றுலா, விவசாயம் ஆகியவற்றில் மாகாணத்துக்குப் பங்கு உண்டு. துறைமுகம், ரயில், மின் உற்பத்தி, குடிவரவு, போலீஸ் எல்லாம் மத்திய அரசு. மின்சாரத்தை வீடு வீடாக விநியோகிப்பது பெரும்பாலும் நகராட்சி. மாகாணத்தின் சொந்த வருமானம் அதன் பட்ஜெட்டில் மிகச் சிறிய துண்டு. மீதி எல்லாம் மத்திய அரசு பிரித்துக் கொடுப்பது. இந்த நிலையில்தான் 2023இல் "வேலைகளுக்கான வளர்ச்சி" என்று ஒரு திட்டத்தை வெளியிட்டார்கள். 2035க்குள் ஒரு லட்சம் கோடி ரேண்ட் பொருளாதாரம், ஆண்டுக்கு 4 முதல் 6 சதவீத வளர்ச்சி என்பது இலக்கு. முக்கியமான நெம்புகோல்கள் பல தன்னிடம் இல்லாத ஓர் அரசு இப்படி இலக்கு வைக்கிறது. துணிச்சலா, வாய்ச்சவடாலா என்பது அவரவர் பார்வை.

இனி துறைமுகத்துக்குப் போவோம். இந்தக் கதையில் எல்லாமே இருக்கிறது.

கேப் டவுனில் கோடைக்காலத்தில் தென்கிழக்கிலிருந்து ஒரு காற்று வீசும். நகரத்துப் புகையை அடித்துக்கொண்டு போவதால் உள்ளூரில் அதற்கு "கேப் டாக்டர்" என்று செல்லப்பெயர். துறைமுகத்தில் இருப்பவர்கள் அப்படிக் கொஞ்சுவதில்லை. காற்று ஒரு வேகத்தைத் தாண்டினால் கன்டெய்னர் தூக்கும் கிரேனை நிறுத்தியே ஆக வேண்டும். பிரச்சினை என்னவென்றால், அந்தக் காற்றுக் காலமும் பழ ஏற்றுமதிக் காலமும் ஒன்று. பிளம், பீச், அப்புறம் ஹெக்ஸ் நதிப் பள்ளத்தாக்கின் திராட்சை, அதன் பிறகு செரஸ், எல்ஜின் பக்கத்து ஆப்பிளும் பேரிக்காயும் என நவம்பரில் தொடங்கி வரிசையாகத் துறைமுகத்துக்கு வரும்.

திராட்சைக் கன்டெய்னரை உறைநிலைக்குச் சற்றுக் கீழே, மைனஸ் அரை டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அதற்குக் கன்டெய்னரை மின் இணைப்பில் சொருகி வைக்க ஓர் இடம் வேண்டும். கப்பல் வரவில்லை, வந்த கப்பலில் ஏற்ற முடியவில்லை என்றால் சொருகும் இடங்கள் நிரம்பிவிடும். நிரம்பினால் லாரி வெளியே நிற்கும். லாரி நின்றால் பண்ணையின் குளிர் அறையில் அடுத்த சரக்குக்கு இடமில்லை. அங்கே இடமில்லை என்றால் பறிப்பை நிறுத்த வேண்டும். கொடியில் பழுத்த திராட்சை யாருக்காகவும் காத்திருக்காது. பறிக்கிற கைகள் பெரும்பாலும் பருவகாலக் கூலிகள். பறிப்பு நின்றால் அன்றைய சம்பளமும் நின்றது.

2023–24 பருவத்தில் இது முற்றிப்போனது. காற்றும் கடுமை, கிரேன்களும் பழசு. உலக வங்கியும் எஸ் அண்ட் பி குளோபலும் சேர்ந்து வெளியிடும் கன்டெய்னர் துறைமுகச் செயல்திறன் பட்டியலில், 2023ஆம் ஆண்டுக்கு 405 துறைமுகங்களை வரிசைப்படுத்தினார்கள். கேப் டவுனுக்கு 405ஆவது இடம்.

துறைமுகத்தை நடத்துவது டிரான்ஸ்நெட். மத்திய அரசின் நிறுவனம். மாகாண முதல்வர் ஆலன் வின்டே நினைத்தாலும் ஒரு கிரேனுக்கு எண்ணெய் போடச் சொல்லி உத்தரவிட முடியாது. அப்படியானால் மாகாணக் குழு அங்கே என்ன செய்யும்?

"துறைமுகம் சரியில்லை" என்பது பிரச்சினை இல்லை, அது புலம்பல். அதை உடைக்க வேண்டும். காற்றால் போன மணி நேரம் எவ்வளவு? கிரேன் பழுதால் போனது எவ்வளவு? ஆள் பற்றாக்குறையால் போனது எவ்வளவு? காற்று நின்ற பிறகு வேலை மறுபடி தொடங்க எத்தனை நேரம் ஆகிறது? லாரிகள் ஏன் காலையில் மட்டும் குவிகின்றன? இப்படி உடைத்தவுடன் ஒவ்வொரு துண்டுக்கும் வெவ்வேறு உரிமையாளர் தெரிவார். காற்று யாருடையதும் இல்லை. ஆனால் அது வீசும்போதும் ஓடும் இயந்திரத்தை வாங்குவது டிரான்ஸ்நெட்டின் முடிவு. பழைய ரப்பர் சக்கர கிரேன்கள் மணிக்கு 72 கிலோமீட்டர் காற்றில் நிற்க வேண்டியவை. புதிதாக வாங்கியவை 90 வரை தாங்கும் என்று டிரான்ஸ்நெட் அறிவித்தது. பதினெட்டு கிலோமீட்டர் வித்தியாசம் கேட்கச் சின்னதாக இருக்கும். அந்தக் காற்றில் நின்று பார்த்தவர்களுக்கு அது எத்தனை நாள் வேலை என்று தெரியும்.

லாரி வரும் நேரம் துறைமுகத்தின் கையில் மட்டும் இல்லை. ஏற்றுமதியாளர், லாரிக்காரர், குளிர்க் கிடங்குக்காரர் மூவரும் ஒத்துக்கொண்டால் இரவிலும் வரலாம். இந்த மூவரையும் டிரான்ஸ்நெட் அதிகாரியையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, நேற்று எத்தனை கன்டெய்னர் நகர்ந்தது என்ற கணக்கை எல்லோர் முன்னாலும் போடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மாகாணத்தால் செய்ய முடிந்தது அதுதான். அந்தக் கணக்குத்தாள் ஒன்று நடுவில் இருந்தால் "உங்களால்தான்" என்ற பேச்சு பாதியாகக் குறையும். அடுத்த பருவத்தில், புதிய இயந்திரங்கள் வரத் தொடங்கியதும் நிலைமை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தேறியது. அதில் மாகாணத்தின் பங்கு எவ்வளவு, டிரான்ஸ்நெட்டின் பங்கு எவ்வளவு, காற்று கொஞ்சம் கருணை காட்டியதா என்று பிரித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். இரண்டு தரப்பும் தங்களால்தான் என்றுதான் சொல்லும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் அதே ஊரில் இருக்கிறது. அதில் குழு பிரமாதமாக ஜெயித்தது.

கேப் டவுனுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் பலர் ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, விமானம் மாறித்தான் வர வேண்டியிருந்தது. 2015இல் "கேப் டவுன் ஏர் ஆக்சஸ்" என்று ஒரு சிறு குழுவை அமைத்தார்கள். மாகாண அரசு, மாநகராட்சி, விமான நிலைய நிறுவனம், மாகாணத்தின் வணிக, சுற்றுலா முகமையான வெஸ்குரோ எல்லாம் அதில் சேர்ந்தன. குழுவின் வேலை ஒன்றே ஒன்று: நேரடி விமானங்களைக் கொண்டுவருவது. எந்த நகரத்திலிருந்து எத்தனை பேர் சுற்றி வளைத்து வருகிறார்கள் என்ற கணக்கை எடுத்துக்கொண்டு விமான நிறுவனங்களிடம் போனார்கள். பயணிகளுக்குக் கீழே சரக்கு அறையில் மீனும் பழமும் போகும் என்ற கணக்கையும் சேர்த்துக் காட்டலாம். 2019 டிசம்பரில் நியூயார்க் பக்கத்து நியூவார்க்கிலிருந்து யுனைடெட் நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் வாஷிங்டனிலிருந்தும், டெல்டா மூலம் அட்லாண்டாவிலிருந்தும் விமானங்கள் வந்தன.

விமான நிலையமும் மத்திய அரசு நிறுவனத்தினுடையதுதான். விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்களும் மத்திய அரசுதான். மாகாணத்துக்கு இங்கேயும் அதிகாரம் இல்லை. பிறகு ஏன் இது நடந்தது, துறைமுகம் ஏன் இழுத்தது? என் கணிப்பு இது. விமானக் கதையில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. விமான நிலையத்துக்கு வருமானம், விமான நிறுவனத்துக்குப் பயணி, ஹோட்டலுக்கு வாடிக்கையாளர். விவரம் தெரியாததும் ஆளுக்கு ஆள் தொடர்பு இல்லாததும்தான் தடை. துறைமுகத்தில் அப்படி இல்லை. அங்கே மூலதனம் வேண்டும், தொழிற்சங்கத்தோடு பேச வேண்டும், தனியாரை விடலாமா என்ற அரசியல் இருக்கிறது, டர்பன் துறைமுகத்துக்கு முதலில் கிரேனா கேப் டவுனுக்கு முதலிலா என்ற போட்டி இருக்கிறது. எல்லோருக்கும் லாபமான முடிச்சைக் குழு அவிழ்க்கும். ஒருவருக்கு நஷ்டமான முடிச்சு என்றால், அது எங்கே இருக்கிறது என்று காட்டும். அதற்கு மேல் அரசியல்தான்.

மாகாணத்தில் 2011 முதல் சிவப்பு நாடாவைக் குறைக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. தொழில் செய்கிறவர் போன் செய்யலாம். "என் லைசென்ஸ் நாலு மாதமாகக் கிடப்பில் இருக்கிறது", "அரசுத் துறைக்குச் சரக்கு கொடுத்தேன், 30 நாளில் பணம் தர வேண்டும் என்பது விதி, இன்னும் வரவில்லை" என்கிற மாதிரிப் புகார்கள். அதிகாரி ஒருவர் அதை எடுத்து, உரிய இடத்தில் பேசி, முடித்துக் கொடுப்பார். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. இத்தனை புகார் வந்தது, இத்தனை தீர்த்தோம் என்று கணக்குக் காட்டுவது சுலபம். அதே காரணத்தால் அடுத்த மாதமும் அதே புகார்கள் வரும். ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்து, எத்தனை வாளி நிரம்பியது என்று கணக்கெழுதுவது போல. புகார் பட்டியலை வைத்து "இந்த ஒரு விதியால்தான் பாதிப் புகார்" என்று கண்டுபிடித்து விதியில் கை வைக்கும்போதுதான் அது கூரை வேலை ஆகிறது.

கூரை வேலைக்கு என்னால் சொல்ல முடிந்த நல்ல உதாரணம் சூரிய மின்சாரம். மத்திய அரசின் மின் நிறுவனமான எஸ்காமின் சுழற்சி மின்வெட்டு 2023இல் உச்சத்துக்குப் போனது. அந்த வருடம் 300 நாட்களுக்கு மேல் மின்வெட்டு. அதற்கு முந்தைய மின்வெட்டுகளிலேயே கடைக்காரர், தொழிற்சாலைக்காரர் எல்லோரும் கூரையில் தகடு போடத் தொடங்கியிருந்தார்கள். உபரியை மின்கம்பியில் திருப்பி விட்டால் பணம் கிடைக்குமா? ஆரம்பத்தில் இதைக் கேட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனால், அங்கே இருக்கும் மின் பொறியாளருக்கு அதற்கு ஒரு விண்ணப்பப் படிவம் கிடையாது, கட்டண விகிதம் கிடையாது, எந்த மீட்டர் பொருத்துவது என்ற விதி கிடையாது. அவர் "முடியாது" என்று சொல்வதில் தப்பே இல்லை. மேற்கு கேப்பில் கேப் டவுன் மாநகராட்சி போக 24 உள்ளூர் நகராட்சிகள். சிலவற்றில் மின் பிரிவே நாலைந்து பேர். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துணைவிதி எழுதி, கட்டணம் கணக்குப் போட்டு, ஒப்புதல் வாங்குவது நடக்கிற காரியமா?

2010இல் மாகாணமும் மாநகராட்சியும் சேர்ந்து உருவாக்கிய கிரீன்கேப் என்ற அமைப்பும் மாகாணப் பொருளாதாரத் துறையும் இதில் இறங்கின. பொதுவான படிவம், மாதிரித் துணைவிதி, கட்டணம் கணக்கிடும் முறை ஆகியவற்றை நகராட்சிகளின் கையில் கொடுத்து, கூட இருந்து உதவுவதுதான் வேலை. படிப்படியாகப் பெரும்பாலான நகராட்சிகள் கூரைச் சூரிய மின்சாரத்தை முறைப்படி அனுமதிக்கத் தொடங்கின. இதில் பெரிய அறிவிப்பு எதுவும் இல்லை, நாடா வெட்டு விழா இல்லை. பொறியாளரின் மேசையில் ஒரு படிவம் வந்தது, அவ்வளவுதான். குழு வேலை நடந்த இடம் வெளியே இருந்து பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் அதே மின்சாரத்தில் சுவரும் இருந்தது. நகராட்சி தானே பெரிய அளவில் தனியார் உற்பத்தியாளரிடம் மின்சாரம் வாங்க மத்திய எரிசக்தி அமைச்சரின் முடிவு வேண்டியிருந்தது. கேப் டவுன் மாநகராட்சி நீதிமன்றத்துக்கே போனது. 2020இல் நீதிமன்றம், முதலில் அரசுகளுக்குள் பேசித் தீர்க்கும் வழியை முடித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசே விதியைத் திருத்தி, நகராட்சிகளுக்கு வழி திறந்தது. எந்தக் குழு எத்தனை வெள்ளைப் பலகையில் எத்தனை வட்டம் போட்டிருந்தாலும் அந்தத் திருத்தம் வந்திருக்காது. நாட்டை உலுக்கிய மின்வெட்டுதான் அதைக் கொண்டுவந்தது. மத்திய அரசும் அதே மாதம்தான் "வுலின்ட்லேலா" என்ற பெயரில், அதாவது "வழியைத் திற" என்ற பொருளில், அதிபர் அலுவலகமும் நிதித் துறையும் சேர்ந்த தடை நீக்கும் பிரிவைத் தொடங்கியது. 1 மெகாவாட்டுக்கு மேல் தனியார் உற்பத்திக்கு உரிமம் வேண்டும் என்ற வரம்பை 2021இல் 100 மெகாவாட்டாக உயர்த்தி, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

விசா பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2015 ஜூன் முதல், குழந்தையோடு வரும் பயணி பெற்றோர் இருவரின் விவரமும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும் என்று மத்திய உள்துறை விதி போட்டது. குழந்தைக் கடத்தலைத் தடுக்க என்றார்கள். சுற்றுலாவை நம்பியிருக்கும் மேற்கு கேப் அலறியது. மாகாணத்தால் செய்ய முடிந்தது கணக்கெடுப்பதும் கத்துவதும்தான். விதி முழுதாகத் தளர நாலு வருடத்துக்கு மேல் ஆனது.

சரி, இந்தக் குழுக்கள் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு வருவோம். இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மலேசியா வழி. 2009இல் அங்கே பெமாண்டு என்ற பிரிவை வைத்து, துறை அதிகாரிகளையும் தனியாரையும் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் அடைத்து வைத்து, நாளுக்கு நாள் என்ன நடக்கும் என்ற அளவுக்குத் திட்டம் போட்டார்கள். தென்னாப்பிரிக்க மத்திய அரசு 2014இல் "ஃபாகிசா" என்று அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மேற்கு கேப்பும் அதே காலத்தில் "கூலிசா" என்று தன் திட்டத்தைத் தொடங்கி, சுற்றுலா, உணவு பதப்படுத்தல், எண்ணெய் எரிவாயுச் சேவை என்று மூன்று துறைகளைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாவதைத் தேர்ந்த சமயத்தில்தான் உலகச் சந்தையில் எண்ணெய் விலை தலைகுப்புற விழுந்தது. நாள்வாரியாகத் திட்டம் போடுவதில் இருக்கிற சிக்கல் அதுதான்.

இன்னொரு வழி, தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஹார்வர்டில் கற்பிக்கும் மேட் ஆண்ட்ரூஸும் அவருடைய சகாக்களும் வளர்த்தது. அவர்களுடைய வாதம் எளிது. வெளியிலிருந்து தீர்வைக் கொண்டுவந்தால் அரசு அதன் வேஷத்தை மட்டும் போட்டுக்கொள்ளும், வேலை நடக்காது. அதனால் பிரச்சினையிலிருந்து தொடங்கு, அதை உடை, கையில் இருக்கும் துண்டில் ஒன்றை இரண்டு வாரத்தில் செய்து பார், என்ன தெரிந்தது என்று கேள், அடுத்ததற்குப் போ. உடைப்பதற்கு மீன்முள் வரைபடம் போடுவார்கள். தலையில் பிரச்சினை, முள் முள்ளாகக் காரணங்கள். ஒவ்வொரு முள்ளிலும் மூன்று கேள்வி: இதில் கை வைக்க அதிகாரம் இருக்கிறதா, மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்களா, செய்யத் திறமை இருக்கிறதா? மூன்றும் ஓரளவு இருக்கிற முள்ளில் முதலில் கை வை.

கேட்கும்போது இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒருமுறை ஓர் அரசு அலுவலகத்தில் இப்படி ஒரு பயிற்சியில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கட்டட அனுமதி தாமதம் பற்றிப் பேச்சு. "எங்களிடம் ஒற்றைச் சாளர முறை இல்லை, அதுதான் பிரச்சினை" என்றார் ஒரு மூத்த அதிகாரி. நடத்தியவர், "அது பிரச்சினை இல்லை சார், நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட தீர்வு. கடைசியாக முடித்த பத்து ஃபைலை எடுத்துவரச் சொல்லுங்கள்" என்றார். வந்தது. முத்திரைத் தேதிகளை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினார்கள். பாதிக்கு மேல் ஃபைல்கள் ஒரே காரணத்துக்காக விண்ணப்பதாரருக்குத் திரும்பிப் போயிருந்தன. ஒரு குறிப்பிட்ட வரைபடம் இல்லை. அந்த வரைபடம் வேண்டும் என்று விண்ணப்பப் படிவத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசி வரிசையில் இருந்த ஓர் எழுத்தர், "அது எனக்குத் தெரியும் சார், யாரும் கேட்கலை" என்றார். ஒற்றைச் சாளரத்துக்கு அவர்கள் டெண்டர் விட்டிருந்தால், அதே வரைபடம் இல்லாத விண்ணப்பம் கம்ப்யூட்டரிலும் திரும்பிப் போயிருக்கும்.

நல்ல குழு எது, வெறும் கமிட்டி எது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சோதனை தெரியாது. அந்த எழுத்தர் அறையில் இருக்கிறாரா? கமிட்டியில் இருப்பவர்கள் துறைத் தலைவர்கள். அவர்களுக்கு ஃபைல் எங்கே நிற்கிறது என்பது தெரியாது, நிற்பதாகச் சொல்ல மனமும் வராது.

இந்த வழியை நமக்குப் பக்கத்தில், இலங்கையில் 2016இல் செய்து பார்த்தார்கள். மாகாண அளவில் இல்லை, தேசிய அளவில். முதலீட்டுச் சபை, ஏற்றுமதி அபிவிருத்திச் சபை போன்ற இடங்களிலிருந்து அதிகாரிகளை எடுத்துக் குழுக்களாக்கினார்கள். ஒரு குழுவுக்குக் கொடுத்த வேலை, எந்தத் துறை முதலீட்டாளர்களைத் தேடிப் போவது என்று கண்டுபிடிப்பது. வழக்கமாக இதற்கு ஒரு வெளிநாட்டு ஆலோசகர் வருவார், தடிமனான அறிக்கை தருவார், அலமாரிக்குப் போகும். இங்கே அதிகாரிகளே தரவைத் திரட்டி, தாங்களே வரிசைப்படுத்தினார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலேயே வேலை செய்துவந்த நிறுவனங்கள் ஒரே பட்டியலை வைத்துப் பேசத் தொடங்கியது நிஜமான பலன். ஆனால் 2018 அரசியல் நெருக்கடி, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, ஆட்சி மாற்றம், 2022இல் கடனைக் கட்ட முடியாத நிலை என்று வரிசையாக வந்தவற்றுக்கு முன் இப்படிப்பட்ட குழு ஒரு காகிதக் கப்பல். நாட்டின் கடன், நாணய மதிப்பு, யார் ஆட்சி என்பதெல்லாம் மீன்முள்ளில் அடங்காதவை. இதைச் சொல்லாமல் இந்த முறையைப் புகழ்கிறவர்கள் பாதிக் கதையைச் சொல்கிறார்கள்.

எங்கே இது கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். குழுவுக்கு நல்ல ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள், ஆனால் அவர்களுடைய பழைய வேலையைக் குறைக்க மாட்டார்கள். மூன்றாவது மாதம் அவர்கள் தங்களுக்குப் பதிலாக ஜூனியரை அனுப்புவார்கள். அது ஒன்று. இன்னொன்று, மேலே இருக்கும் ஒருவர் "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ன தெரிந்தது என்று என்னிடம் சொல்லுங்கள், தோற்றதையும் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மாற்றலாகிப் போனால் குழு பெயருக்கு இருக்கும். அறிக்கை மட்டும் தவறாமல் வரும்.

வளர்ச்சி இதனால் கூடியதா என்று கேட்டால், அப்படி அளக்க முடியாது என்பதே என் பதில். மேற்கு கேப்பில் வேலையின்மை குறைவு என்பது உண்மை. ஆனால் இந்தக் குழுக்களுக்கு முன்பும் அது நாட்டின் சராசரிக்குக் கீழேதான் இருந்தது. அளக்க முடிவது கன்டெய்னர் எத்தனை நாள் நின்றது, அனுமதிக்கு எத்தனை நாள் ஆனது என்பவைதான். அந்த எண்கள் இறங்கினால் குழு வேலை செய்கிறது. மொத்த உற்பத்தி விகிதத்தைக் காட்டி மார் தட்டினால் சந்தேகப்படுங்கள்.

எனக்கு இதில் தீராத ஓர் உறுத்தல் உண்டு. "தடை" என்று யார் சொல்வது பட்டியலில் ஏறுகிறது? திராட்சை ஏற்றுமதியாளரிடம் அமைச்சரின் எண் இருக்கிறது. கேப் டவுனின் "சென்ட்ரல் லைன்" என்ற ரயில் தடம் கயலிட்ஷா, மிட்செல்ஸ் பிளெய்ன் ஆகிய ஏழை மக்களின் குடியிருப்புகளை நகரத்தோடு இணைப்பது. கம்பித் திருட்டும் நாச வேலையும் முற்றி 2019 இறுதியில் அது நின்றுபோனது. 2020 ஊரடங்கில் தண்டவாளத்தின் மேலேயே மக்கள் தகரக் குடிசைகள் போட்டுக்கொண்டார்கள். அந்த ரயில் இல்லாததால், ஆயிரக்கணக்கானவர்கள் விடியலுக்கு முன் எழுந்து மினிபஸ் டாக்சியில் அதிகக் காசு கொடுத்து வேலைக்குப் போனார்கள். 2023 ஆகஸ்டில் டாக்சிக்காரர்கள் ஒரு வாரம் வேலை நிறுத்தம் செய்தபோது பலர் வீட்டுக்கு நடந்தே போக வேண்டியிருந்தது. ரயில் மத்திய அரசினுடையது, குடிசையில் இருப்பவர்களுக்கு மாற்று நிலம் தேட வேண்டியதில் மாநகராட்சிக்கும் வீட்டுவசதித் துறைக்கும் பங்கு உண்டு, பொருளாதாரத் துறையின் மேசைக்கு இது வருவதே இல்லை. பிறகுதான் பகுதி பகுதியாக ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் நின்ற மணி நேரத்துக்குக் கணக்கு இருந்தது. அந்த வருடங்களில் கயலிட்ஷாக்காரர் ஒருவர் தெருவில் நின்ற மணி நேரத்துக்கு யாரும் தாள் போட்டு மேசையில் வைக்கவில்லை.